பதினேழாம் கட்டில் சொன்னது

ஜைத்தூன் எதற்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள். அதனால்தான் காத்தமுத்து அவளைக் குரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவளுக்கு வயது முப்பத்தொன்று. அவருக்கு ஐம்பத்து நான்கு. மில்லை மூடின பிறகு அவர் இந்த இல்லத்துக்கு வேலைக்கு வந்தார். வந்த இடத்தில் அவளிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

"குருவுக்கு இன்னும் பால்பல்லே விழல. சிஷ்யப்பிள்ளைக்குக் கடவாய்ப்பல்லே இல்ல" என்பார் சமையல்காரர் சந்தனம்.

காத்தமுத்து கோபப்பட மாட்டார். உள்ளதைத்தானே சொல்கிறான் என்று சிரிப்பார்.

இல்லம் மலையடிவாரத்தில், பைபாஸ் ரோட்டைத் தாண்டி இருந்தது. பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் விழுந்து கிடப்பவர்களைக் கொண்டுவந்து படுக்கவைக்கிற இடம். வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தன் ஊர் தெரியாது, பேர் தெரியாது. ஆனால் எப்போதாவது திடீரென்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு தெருவின் பேர். ஒரு மாட்டின் பேர். எப்போதோ செத்துப்போன தம்பியின் பேர்.

பக்கத்தில் யார் நின்றாலும் அதை அப்படியே ஒரு சீட்டில் எழுத வேண்டும். திருத்தக் கூடாது. பாதி வார்த்தை சொன்னால் பாதி வார்த்தைதான். கட்டில் எண்ணும் தேதியும் நேரமும் போட்டுத் தகரப் பெட்டியில் போட வேண்டும். அந்த இல்லத்தில் அது ஒன்றுதான் சட்டம்.

அந்தச் சீட்டுகளை வைத்து ஆட்களை வீடு சேர்த்திருக்கிறார்கள். "ஓடைக்கரைச் சலூன்" என்று ஒரு கிழவர் ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தடவை சொன்னார். அதை வைத்தே அவருடைய மகனைக் கண்டுபிடித்தார்கள்.

பதினோரு வருடத்துச் சீட்டுகள் சேர்ந்துவிட்டன. பெட்டியில் கரையான் ஏறியது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று முடிவானது. யாரோ ஒரு புண்ணியவான் அதற்காக ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வந்த விவரத்தையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்து, கேட்டால் எடுத்துக் கொடுக்கும்.

அப்போது ஜைத்தூனுக்கு ஒன்பதாம் மாதம்.

காத்தமுத்து கேட்டார். "டீச்சர், சீட்டெல்லாம் தமிழ்ல இருக்கு. இது தமிழைத் தாங்குமா?"

"அதுக்கு எந்த பாஷையும் தெரியாது அண்ணே. நம்பர்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த நம்பர்னு ஆளுக்கொரு முறை வெச்சிருக்காங்க. ஒரு முறையில நம்ம எழுத்து இருக்கும். இன்னொண்ணுல இருக்காது."

"இதுக்கு எந்தெந்த முறை தெரியும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதுகிட்டயே கேளுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவர் ஒரு வரி அடித்தார். திரை நிறையப் பட்டியல் வந்தது. அவர் விரல் வைத்து எண்ணினார். நாற்பத்தொன்று.

"இதுல நம்மளுது?"

அவள் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். "இதுல உலகத்துல இருக்கிற எல்லா எழுத்தும் உண்டு."

"அப்ப தாங்கும்."

"தாங்கும்னு சொல்லுது."

"சொன்னாப் போதாதா?"

ஜைத்தூன் மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். வாங்க என்று அவரைச் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"சந்தனம் அண்ணே, உங்களுக்கு என்னென்ன சமைக்கத் தெரியும்?"

சந்தனம் கரண்டியைக் கீழே வைத்தார். இப்படி ஒருத்தர் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ.

"என்ன தெரியாதுன்னு கேளும்மா. சுக்கா வறுவல், கோலா உருண்டை, அயிரை மீன் குழம்பு, தம் பிரியாணி. உங்க ஆளுக வீட்டுக் கல்யாணத்துக்கே நான் கிண்டியிருக்கேன். வெஜ்ல கேட்டா பதினாறு வகைக் கூட்டு. இனிப்புல பாதுஷா, ஜாங்கிரி, அசோகா. ஆயிரம் எலைக்கு ஒத்தை ஆளா நின்னவன் நான்."

"இப்பப் பானையில என்ன இருக்கு?"

சந்தனம் மூடியைத் திறந்தார். ஆவி பறந்தது.

"கஞ்சி" என்றார்.

காத்தமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். நல்லா மாட்டினான்யா இவன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஜைத்தூனும் சிரித்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

அப்படி நினைக்க அவளுக்குக் காரணம் இருந்தது. கடவுச்சொல்லை ஏன் யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவர் ஒருமுறை கேட்டபோது, அவள் அவருடைய தூக்குச்சட்டியைத் திறந்து பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தாள். அன்றைக்கு அவருக்கு உடனே புரிந்தது. டீக்கடை வரைக்கும் போய் அதைச் சொன்னார்.

மறுநாள் அவளுக்கு வலி எடுத்தது.

மூன்று மாதம் அவள் வரவில்லை. காத்தமுத்து ஒரு நாள்கூட லீவு போடவில்லை. நாற்பத்தொரு முறைகளின் பெயரையும் ஒரு முழுத்தாளில் கை வலிக்க எழுதிக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினார். அவள் தொட்டுக் காட்டிய பேரைச் சுற்றி மஞ்சளும் குங்குமமும் வைத்தார்.

ஒரு சீட்டை எடுப்பார். இரண்டு விரலால் அடிப்பார். அடிக்கிற எழுத்து அழகாகத் தமிழில் தெரியும். பொத்தானை அழுத்துவார். சேமிக்கப்பட்டது என்று வரும். அடுத்த சீட்டுக்கு வெற்றுக் கட்டம் வரும். சேமித்ததைத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நாற்பது வயதுக்கு மேல் டைப் பழகினவர். ஒன்றைப் படிக்கிற நேரத்தில் இன்னொன்றை ஏற்றலாம் என்றுதான் தோன்றியது.

ஏற்றிய சீட்டுகளைச் சாயங்காலம் ராக்குவிடம் கொடுப்பார். ராக்கு வார்டில் வேலை பார்க்கிறவள். கட்டிலில் இருப்பவர்களைக் குளிப்பாட்ட வெந்நீர் போடுவது அவள்தான். கரையான் அரித்த காகிதம் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பழைய சீட்டுகள் தீர்ந்தன. அன்றன்றைக்கு எழுதுவதும் அன்றன்றைக்கே ஏறியது, அன்றன்றைக்கே அடுப்புக்குப் போனது. நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம். தகரப் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஜைத்தூன் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். ஜன்னல் கம்பியில் சேலையைத் தொட்டிலாகக் கட்டினாள்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பேர் மாரியாயி என்று வாசலில் இருக்கிற நோட்டில் கையெழுத்துப் போட்டாள். போலீஸ் ஸ்டேஷனில் காட்டிய போட்டோவில் இருந்தது அவளுடைய அப்பா. பதினேழாம் கட்டிலில் இருந்தவர். செத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

காத்தமுத்து அவளைப் பின்பக்கம் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினார். அவள் அழவில்லை. ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வார்டுக்கு வந்தாள்.

"கடைசியில பேசினாரா?" என்று ராக்குவிடம் கேட்டாள்.

"பேசுனாரு தாயி. வந்ததுலருந்து வாயைத் தொறக்கல. கடைசி மூணு நாள் பேசுனாரு. நான்தான் எழுதுனேன்."

"என்ன பேசுனாரு?"

ராக்கு கையிலிருந்த வாளியைக் கீழே வைத்து யோசித்தாள். "முப்பது கட்டில் தாயி. எழுதிட்டா எறக்கி வெச்சிருவேன். எல்லாத்தையும் மனசுல வெச்சிருந்தா இங்க நிக்க முடியாது."

"அப்ப அந்தச் சீட்டு?"

காத்தமுத்து முன்னால் வந்தார். மூன்று மாதமாக அவர் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்குத்தான்.

"சீட்டைவிடப் பத்திரமா இருக்கு தாயி. வாங்க. ஒண்ணு விடாம ஏத்தியிருக்கேன். எங்க டீச்சரே இன்னும் பார்க்கல."

அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். ஜைத்தூன் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வந்து நின்றாள். காத்தமுத்து பதினேழு என்று அடித்தார்.

கட்டில் 17. தேதி 9. நேரம் 11.40. எண்களெல்லாம் தெளிவாக வந்தன. அவற்றுக்குக் கீழே இருந்தது இது:

???????? ???? ??????.

மாரியாயி குனிந்து பார்த்தாள். "இது எந்த பாஷை?"

"ஸ்க்ரீன்ல ஏதோ கோளாறு. இருங்க."

அடுத்ததை எடுத்தார். எண்கள் இருந்தன. அவற்றின் கீழே கேள்விக்குறிகள். பதினாறாம் கட்டிலை எடுத்தார். போன மாதத்தை எடுத்தார். பத்து வருடத்துக்கு முந்தினதை எடுத்தார். கேள்விக்குறிகள் சில இடத்தில் நீளமாகவும் சில இடத்தில் குட்டையாகவும் இருந்தன. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடம் இருந்தது. முற்றுப்புள்ளிகூட இருந்தது.

ஜைத்தூன் அவருடைய தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, சீட்டுகளை எந்த முறையில் வைத்திருக்கிறது என்று கேட்டு ஒரு வரி அடித்தாள். பதிலாக ஒரே ஒரு பேர் வந்தது. அது சுவரில் ஒட்டிய பட்டியலில் இருந்த பேர்தான். பொட்டு வைத்த பேர் அல்ல.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"டீச்சர், உள்ள இருக்கும்ல? தெரியிறதுதான் தப்பாத் தெரியுது. அன்னைக்குக்கூட ஒரு லெட்டர் கட்டங்கட்டமா வந்துச்சு. அப்புறம் நீங்க சரி பண்ணீங்க."

"அது இருந்துச்சு, தெரியல. இது இல்ல அண்ணே."

"இல்லன்னா?"

"இதைச் செஞ்சு குடுத்தவர் சீட்டு வைக்கிற எடத்தை இங்கிலீஷ் எழுத்துக்கு மட்டும்னு செஞ்சிருக்காரு. தெரியாத எழுத்து வந்தா, அந்த எடத்துல ஒரு கேள்விக்குறியை வெச்சுட்டு எழுத்தைக் கீழ போட்டுரும்."

"எல்லா எழுத்தும் தாங்கும்னு சொல்லுச்சே."

"தாங்கும். இங்க அதை வைக்கல."

அவர் சுவரைப் பார்த்தார்.

"சீட்டு எங்க அண்ணே?" என்றாள் ஜைத்தூன்.

காத்தமுத்து கவிழ்த்து வைத்த தகரப் பெட்டியைப் பார்த்தார். கதவோரம் நின்ற ராக்குதான் சொன்னாள். "வெந்நி அடுப்புக்குக் குடுத்தாரும்மா."



மாரியாயி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை. வெந்நி அடுப்பு புரிந்தது.

"எனக்கு எல்லாம் வேணாம்" என்றாள். "அவரு பாயில மூத்திரம் பேஞ்சுட்டாரு. தெனமும் பேஞ்சாரு. அன்னைக்கு எம்மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க. எங்கயாச்சும் போய்த் தொலைன்னு சொன்னேன். சட்டையை மாட்டிட்டு எந்திரிச்சுப் போனாரு. டீ குடிக்கப் போறாருன்னு நெனச்சேன்." முந்தானை முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டாள். "என்னையக் கூப்பிட்டாரா, இல்லையா. அதை மட்டும் சொன்னாப் போதும்."

ராக்கு தரையைப் பார்த்தாள்.

காத்தமுத்து நாற்காலியை மாரியாயி பக்கம் திருப்பினார்.

"கூப்பிட்டாரு தாயி."

ஜைத்தூன் தலை நிமிர்ந்தாள்.

"நான்தானே டைப் அடிச்சேன். கண்ணுல நிக்குது. மாரியாயி, மாரியாயின்னு ரெண்டு வாட்டி இருந்துச்சு. வரச் சொல்லுங்கன்னு இருந்துச்சு. கோவமா ஒண்ணும் இல்ல."

மாரியாயியின் முகம் இளகியது. ஒரு நிமிடம்தான். பிறகு, இளகினதை அவளே பிடித்து நிறுத்தினதுபோல் பழையபடி ஆனது. அவள் ஜைத்தூனைப் பார்த்தாள். ஜைத்தூன் தொட்டிலைப் பார்த்தாள்.

"மாரியாயிங்கிறது எங்கய்யாவோட ஆத்தா பேரு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "பெத்த தாயி பேரைச் சொல்லி எப்படிப் பிள்ளையக் கூப்பிடுறதுன்னு எனக்கு வேற பேரு வெச்சாரு. பொறந்ததுலருந்து ஒரு நாள் அந்தப் பேரால கூப்பிட்டதில்ல. அடிக்கையிலகூட அதைச் சொன்னதில்ல."

காத்தமுத்துவின் கை மேசைமேல் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே வைத்திருந்தார்.

ராக்கு மெதுவாக ஓரடி முன்னே வந்தாள். "என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாரு தாயி? சொன்னா எனக்கு ஞாபகம் வந்தாலும் வரும்."

மாரியாயி வாயைத் திறந்தாள். காத்தமுத்துவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "சொன்னா, அதையும் சொன்னாருன்னு சொல்லுவீங்க."

ராக்கு வாளியை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். அவளுக்கு நிஜமாகவே ஞாபகம் வந்திருக்கக்கூடும். இனிமேல் வந்தாலும் அதை யாரும் நம்பப் போவதில்லை.

மாரியாயி எழுந்தாள். திரையைக் காட்டினாள். "இதைக் காகிதத்துல எடுத்துத் தர முடியுமா?"

"அதுல ஒண்ணும் இல்லக்கா" என்றாள் ஜைத்தூன்.

"அவரு பேசுனதுதானே. குடுங்க."

ஜைத்தூன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். மாரியாயி நின்ற இடத்திலேயே ஒவ்வொரு கேள்விக்குறியாக விரல் வைத்து நகர்த்தினாள். ஒரு பேரை எழுத்தெழுத்தாகச் சொல்வதுபோல் உதடு அசைந்தது. ஓர் இடத்தில் விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் நின்றது. என்ன எண்ணுகிறாள் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்கிற தகுதி அந்த அறையில் யாருக்கும் மிச்சம் இல்லை.

காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஒரு மணி பஸ்ஸுக்குப் போனாள்.

குழந்தை அழுதது. ஜைத்தூன் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். காத்தமுத்து ரொம்ப நேரம் திரைக்கு முன்னால் இருந்தார். வார்டில் யாரோ எதையோ சொன்னார்கள். ராக்கு சீட்டுக்கும் பென்சிலுக்கும் ஓடுகிற சத்தம் கேட்டது.

அவர் எழுந்து பட்டியலைக் கிழிக்கக் கையைக் கொண்டுபோனார்.

"இருக்கட்டும் அண்ணே" என்றாள் அவள், திரும்பாமல். "அதுல ஒண்ணும் பொய்யில்ல."

"நான் சொன்னதுதான் பொய்."

அவர் கையைக் கீழே இறக்கினார்.

"அந்தப் புள்ளைக்கு ஆறுதலா இருக்கும்னு சொன்னேன். நிஜமாச் சொல்லியிருப்பாரோ என்னமோ. இனி அது நம்பாது." மறுபடி உட்கார்ந்தார். "டீச்சர், நான் உங்ககிட்டக் கேட்டுட்டுத்தானே செஞ்சேன். அதுகிட்டயும் கேட்டுட்டுத்தானே செஞ்சேன்."

"ஆமா."

"நீங்க என்னையச் சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. கஞ்சிப் பானையைக் காட்டுனீங்க. நான் சந்தனத்தைப் பார்த்துச் சிரிச்சுட்டு வந்துட்டேன்." நரைத்த தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இப்பப் புரியுது. அன்னைக்கே புரிஞ்சிருக்கணும். நான் மக்கு டீச்சர்."

ஜைத்தூன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். அது ஏப்பம் விட்டது.

"நீங்க மக்கு இல்ல அண்ணே. ஒண்ணை ஏத்திட்டுத் தெறந்து பாருங்க, அதுவரைக்கும் சீட்டை எரிக்காதீங்க. அவ்வளவுதான் சொல்லியிருக்கணும். சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. கஞ்சியைக் காட்டினது எனக்கு அழகா இருந்துச்சு."